துரைமார் போனார்கள்... புல்லட் இருக்கிறது!

எங்கள் ஊர்ப் பக்கம் வயசானவர்கள் காரைக் கார் என்று சொல்ல மாட்டார்கள். 'பிளசர்' என்பார்கள். "தாசில்தாரு பிளசர்ல வந்து எறங்குனாரு" என்று என் ஆயா கதை சொல்லும்போது சின்ன வயசில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். பாலிடெக்னிக் வந்த பிறகுதான் அது 'பிளஷர் கார்' என்ற பழைய இங்கிலீஷ் வார்த்தை என்று தெரிந்தது. சரக்கையும் சனங்களையும் ஏற்றிக்கொண்டு ஓடுவது லாரியும் பஸ்ஸும். சொந்த சுகத்துக்காக ஓடுவது பிளசர்.

யாருடைய சுகத்துக்கு என்பதுதான் கேள்வி! வெள்ளைக்காரத் துரைக்கும் ஜமீன்தாருக்கும் அது பிளசர். ரோட்டோரம் ஒதுங்கி நின்ற எங்கள் தாத்தாமாருக்கு அது வெறும் புழுதி.

இப்படிப் பார்த்தால் பிரிட்டிஷ் வண்டி என்றாலே எனக்கு எரிச்சல்தான் வர வேண்டும். ஆனால் வருவதில்லை நண்பர்களே! நம் காலேஜ் கேட் எதிரே ஒரு பழைய புல்லட் 'டுப்... டுப்... டுப்...' என்று போனால், கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும் அத்தனை பேர் கழுத்தும் ஒரே பக்கம் திரும்புகிறது. புது மாடல் வண்டி போனால் விலையை விசாரிக்கிறோம். பழைய புல்லட் போனால் பேச்சையே நிறுத்துகிறோம். ஏன்? என் தாய்மாமா பென்னாகரம் ரோட்டில் புல்லட் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கை கறுக்க வேலை பார்த்தவன் என்ற தகுதியில் இந்தக் கேள்விக்கு எனக்குத் தோன்றிய பதிலை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன சரித்திரம்.

சுதந்திரம் வந்துவிட்டது, துரைமார் கப்பல் ஏறிவிட்டார்கள். ஆனால் அவர்கள் ஊர் டிசைன்கள் இங்கேயே தங்கிவிட்டன. 'மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3' என்ற இங்கிலாந்துக் கார்தான் 1950-களின் கடைசியில் நம்ம அம்பாசிடர் ஆனது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம் வரை அது தயாரானது. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 1961 முதல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' கார் செய்தார்கள். அது இங்கிலாந்தின் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' காரின் தம்பி. எண்ணூரில் 1948-ல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. 'லேலண்டு' என்பது இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் உள்ள ஒரு சின்ன ஊரின் பெயர்! அந்த ஊர்ப் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டுதான் நம்ம லாரிகள் தொப்பூர் கணவாயில் முக்கி முனகி ஏறுகின்றன. 1980-ல் லேலண்டு ஓசூருக்கு வந்தபோது ஓசூர் நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு.

இவற்றில் புல்லட்டின் கதைதான் விசேஷம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1901-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் கொடுத்த கம்பெனி என்பதால் 'துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது' என்று விளம்பரம் போட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டபோது 350 சி.சி. புல்லட்டைத்தான் எடுத்தார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். தொழிற்சாலை, நம்ம சென்னை திருவொற்றியூரில். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் கம்பெனியே இல்லாமல் போனது. பெற்ற தாய் போய்விட்டாள். பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் வளர்ந்தது. அதோடு நிற்கவில்லை. 1977 முதல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது! பெண்ணெடுத்த வீட்டுக்கே சீர் கொண்டுபோன மாதிரி.

இப்போது பட்டறைக்கு வாருங்கள்.

தியரி வகுப்பில் சிலிண்டர் கொள்ளளவு கணக்குப் போடுவோமே, அதைப் புல்லட்டுக்குப் போட்டுப் பாருங்கள். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. சென்டிமீட்டரில் 0.7854 × 7 × 7 × 9 = 346 சி.சி. அகலத்தைவிட நீளம் அதிகம். பிஸ்டன் நீண்ட தூரம் போய் வர வேண்டும். கூடவே கனமான ஃபிளைவீல் சுழல்கிறது. அதனால்தான் மெதுவான ஐடிலிங்கிலும் எஞ்சின் அணையாமல், ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. நாம் மயங்குகிற அந்த 'டுப் டுப்' யாரோ ரசனையோடு போட்ட மெட்டு இல்லை; போரும் ஸ்ட்ரோக்கும் சேர்ந்து போட்ட மெட்டு.

பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வதும் ஒரு சடங்குதான். சாவியைத் திருப்பி ஆம்மீட்டரைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தினால் ஒரு இடத்தில் கனமாக நிற்கும். மைனஸ் பக்கம் இருந்த முள் நடுவுக்கு வந்தால் பாயிண்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு மயிரிழை தாண்ட விட வேண்டும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே உதை! முரட்டுத்தனமாக உதைக்கிறவனுக்குப் புல்லட் கிளம்பாது. சில சமயம் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலை விசாரித்துவிடும். "வண்டிகிட்ட மொதல்ல மரியாதையா பேசணும்டா மாப்ள. அப்புறந்தான் அது நம்மகிட்ட பேசும்" என்பார் மாமா. அவர் எட்டாவதுக்கு மேல் படித்ததில்லை. ஜென்டில்மேன் என்பதற்கு நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானது இல்லை.

மாமாவிடம் ஒரு ஸ்பேனர் செட் இருக்கிறது. எண்ணெய் ஊறிய காடாத்துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்திருப்பார். நம் லேபில் இருப்பது போல 12, 13, 14 என்று போட்டிருக்காது. 1/4, 5/16, 3/8 என்று பின்னத்தில் போட்டிருக்கும். அது விட்வொர்த் ஸ்பேனர். அதிலும் ஒரு வேடிக்கை. 1/4 என்பது ஸ்பேனர் வாயின் அளவு இல்லை, போல்ட்டின் கனம். 1/4 ஸ்பேனரின் வாய் சுமார் 13.3 மி.மீ. அந்த நட்டுக்கு நம்ம 13 நுழையாது; 14 போட்டால் ஆடி மூலையைத் தின்றுவிடும். பழைய புல்லட்டில் பல இடங்களில் இந்த நட்டுகள்தான். புது மெக்கானிக்குகள் தலையில் கை வைப்பது இதனால்தான்.

ஜோசப் விட்வொர்த் யார் என்று தேடிப் படித்தேன். 1841-க்கு முன்னால் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஒரு பட்டறையில் செய்த போல்ட்டுக்கு இன்னொரு பட்டறை நட்டு சேராது. மரையின் கோணம் 55 டிகிரி, இந்தக் கனத்துக்கு ஒரு அங்குலத்தில் இத்தனை மரை என்று 1841-ல் விட்வொர்த் ஒரு பொது அளவை முன்வைத்தார். மெட்ரிக் மரை 60 டிகிரி என்று நாம் படிக்கிறோமே, அதற்கெல்லாம் மூத்தது இது. இதைப் படித்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. ஸ்டாண்டர்ட் அளவு என்பது ஒரு வாக்கு. 'நீ யாரென்று எனக்குத் தெரியாது. உன்னை நான் பார்க்கப் போவதும் இல்லை. ஆனாலும் நான் செய்த போல்ட் நீ செய்த நட்டில் சேரும்' என்று முகம் தெரியாத ஒருவனுக்குக் கொடுக்கிற வாக்கு. ரெட்டிச் ஊரில் யாரோ ஒரு தொழிலாளி கொடுத்த அந்த வாக்கு, தொழிற்சாலையே மூடிப்போன பிறகும் பென்னாகரம் ரோட்டில் என் மாமா கையில் நிறைவேறிக்கொண்டிருக்கிறது.

பழைய பிரிட்டிஷ் வண்டியின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். குரோமியத்தில் இல்லை, பெட்ரோல் டேங்கில் கையால் இழுத்த தங்கக் கோட்டில்கூட இல்லை. அடுத்தவன் திறந்து பார்க்க முடிகிற மாதிரி செய்தார்கள். திறந்தால் புரிகிறது. புரிந்தால் செப்பனிட முடிகிறது. காலேஜ் படியேறாத ஒரு மனுஷனும் அதைப் படித்துவிட முடிகிறது. துரைக்காகச் செய்த வண்டி, கடைசியில் துரையைவிட மெக்கானிக்குக்கே அதிகம் சொந்தமாகிவிட்டது!

ஜென்டில்மேன் என்றால் என்ன என்பதையும் நான் பட்டறையில்தான் பார்த்தேன்.

இரண்டு வாடிக்கையாளர்கள். பெயர் வேண்டாம். ஒருவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பளபளக்கும் வாட்ச் சகிதம் வருவார். புல்லட்டை ஸ்டாண்டு போடாமலே, தன்னைவிடப் பத்து வயசு மூத்த என் மாமாவைப் பார்த்து, "டேய், பிரேக்கப் பாருடா" என்பார். இன்னொருவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சட்டைக் காலர் நைந்திருக்கும். வண்டியை நிறுத்தி, துணியால் துடைத்து, "வேலையா இருக்கீங்களா மெக்கானிக்? முடிச்சிட்டே வாங்க, அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒருநாள் மாமாவிடம் கேட்டேன், "ரெண்டு பேர் வண்டியிலயும் ஏன் மாமா சத்தம் வேற வேற மாதிரி கேக்குது?" "மாடல் ஒண்ணுதான்டா. ஒருத்தர் ஓட்றாரு, இன்னொருத்தர் மெரட்றாரு" என்றார்.

அம்பாசிடருக்கும் இதே கதைதான். துரை உட்கார்ந்த சீட்டில் வெள்ளை டவலைப் போர்த்தி நம் அதிகாரிகளும் தலைவர்களும் உட்கார்ந்தார்கள். கூரையில் சிவப்பு விளக்கு சுழன்றது. சனங்கள் மறுபடியும் ரோட்டோரம் ஒதுங்கினார்கள். 2017 மே 1 முதல் அந்தச் சிவப்பு விளக்கை எடுத்தார்கள். விளக்கைக் கழற்ற ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். உள்ளே இருக்கிற துரைத்தனத்தைக் கழற்ற என்ன ஸ்பேனர் இருக்கிறதோ!

ஒகேனக்கல் மலைப்பாதையில் போய்ப் பாருங்கள். குறுகலான மலைரோட்டில் எதிரெதிரே வண்டி வந்தால், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இது நம் மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. ஏனென்றால் பாரத்தோடு ஏறுகிறவன் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கஷ்டம். யார் பெரிய வண்டி, யார் பெரிய மனுஷன் என்று விதி கேட்கவில்லை. யாருக்குக் கஷ்டம் என்று மட்டும் கேட்கிறது. கோட்டும் டையும் இல்லாமல் லுங்கி கட்டிய லாரி டிரைவர் ஒருவர் இரவில் ஹெட்லைட்டை டிம் செய்து வழிவிட்டால், அவர்தான் ஜென்டில்மேன்.

உலகம் முழுக்க வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டு சூட்டோடு பழைய பாணி மோட்டார் சைக்கிள்களில் ஊர்வலம் போகிறார்கள். 2012-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் தொடங்கியது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் மனநலத்துக்கும் நிதி திரட்டுகிறார்கள். இந்திய நகரங்களிலும் நடக்கிறது. இதை மாமாவிடம் சொன்னேன். "நல்ல காரியந்தான்" என்று ஒப்புக்கொண்டவர், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோட்டு வாலு செயின்ல மாட்டாதா?" என்று கேட்டார். மெக்கானிக் கவலை மெக்கானிக்குக்கு!

நான் பழசை மட்டும் புகழ்வதாக நினைக்க வேண்டாம். பழைய புல்லட் நின்ற இடத்தில் ஆயில் சொட்டும். அது நின்ற இடத்தை அடுத்த நாளும் அடையாளம் காட்டலாம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்று மற்ற வண்டிகளுக்கு நேர்மாறாக இருக்கும். இங்கிலாந்துக் கம்பெனிகள் 'எங்கள் வண்டிக்கு என்ன குறை' என்று இருந்தபோது, 1969-ல் ஜப்பானின் ஹோண்டா நான்கு சிலிண்டர், செல்ஃப் ஸ்டார்ட், முன்பக்கம் டிஸ்க் பிரேக் என்று ஒரு 750 சி.சி. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. கம்பீரம் சோறு போடவில்லை; பிரிட்டிஷ் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 1994-ல் ஐஷர் குழுமத்திடம் வந்த என்ஃபீல்டு பிழைத்ததும், பழைய வார்ப்பிரும்பு எஞ்சினை விட்டுவிட்டுப் புது எஞ்சினுக்கு மாறியதால்தான். தோற்றத்தைக் காப்பாற்றினார்கள், உள்ளே மாற்றிக்கொண்டார்கள்.

சக்கரம் எப்படிச் சுழன்றிருக்கிறது பாருங்கள்! 2008-ல் டாடா நிறுவனம் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு வாங்கியது. 1898-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய நார்ட்டன் மோட்டார் சைக்கிள் கம்பெனியை 2020 ஏப்ரலில் டி.வி.எஸ். வாங்கியது, 1.6 கோடி பவுண்டுக்கு. ஓசூரில் வண்டி செய்கிற அதே டி.வி.எஸ்.! துரை வண்டிக்குப் புழுதி குடித்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள் வேலை பார்க்கிற கம்பெனி, துரை வண்டியையே விலைக்கு வாங்கிவிட்டது. எனக்கும் மார்பு விரிந்தது. ஆனால் நமக்குக் கீழே வேலை செய்கிறவனை நாமும் "டேய்" என்றால், நாம் வாங்கியது துரையின் வண்டியை மட்டும் அல்ல, துரையின் நாக்கையும் சேர்த்துத்தான்.

இதெல்லாம் இப்போது எனக்கு ஏன் முக்கியம் என்றால், இது என் கடைசி வருஷம். கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிறோம். ஷூ போடணும், டக்-இன் பண்ணணும், டை கட்டணும் என்று சொல்லித் தருகிறார்கள். எங்கள் ஹாஸ்டல் ரூமில் ஐந்து பேருக்கு ஒரு டை. அப்பா பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். கண்ணாடியில் டையோடு என்னைப் பார்க்கும்போது, வேறு யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளை நிற்பது போல இருக்கிறது. அந்தக் கூச்சம் உங்களில் பலருக்கும் இருக்கும், தெரியும்.

மாமாவிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டை கட்டிக்கோ, தப்பில்ல. தொழில் தெரிஞ்சவன் யார் முன்னாடியும் நடுங்க வேணாம். ஆனா யாரையும் நடுங்க வைக்கவும் வேணாம்."

மாமாவின் பட்டறை இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று தெரியவில்லை. புது புல்லட்கள் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போகின்றன. கோளாறு என்னவென்று கம்ப்யூட்டர் சொல்கிறது. ஓசூர், போச்சம்பள்ளிப் பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. எங்கள் செட்டில் பாதிப் பேர் போய்ச் சேரப்போவது அங்கேதான், அநேகமாக நானும். அங்கே பாயிண்ட் கிடையாது, கிக்கர் கிடையாது, 'டுப் டுப்' கிடையாது. "நீ போடா. பட்டறைய நம்பாத. அந்த ஸ்பேனர் செட்ட மட்டும் எடுத்துக்கோ" என்கிறார் மாமா. அந்த ஸ்பேனர் பொருந்துகிற நட்டு ஒன்றுகூட நான் போகும் இடத்தில் இருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

எடுத்துக்கொண்டு போகத்தான் போகிறேன். பேட்டரிப் பெட்டியை ஒட்டிச் சீல் வைத்து, 'திறக்காதே' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிற காலம் இது. செப்பனிடும் உரிமை என்பதற்காக 2022-ல் மத்திய அரசே ஒரு குழு அமைக்க வேண்டிய நிலை வந்தது. நாம் நாளைக்கு ஏதோ ஒரு அசெம்பிளி லைனில் நின்று ஒரு போல்ட்டை முறுக்குவோம். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து, ஏதோ ஒரு ஊரில், நம்மைப் போலவே முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஒரு பையனோ பெண்ணோ அந்த வண்டியைத் திறப்பார்கள். திறக்கிற மாதிரி நாம் செய்திருக்க வேண்டும் நண்பர்களே. திறந்து பார்த்துவிட்டு, "யாரோ தெரியல, நல்லா செஞ்சிருக்காங்க" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு